ஏழு நிமிடப் பாட்டும் அண்ணையின் நடையும்

ஒரே பாட்டை எதற்காக இரண்டு அளவில் செய்து வைக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அறுபத்திரண்டாவது வயதில்தான் வந்தது. அதுவரை பாட்டு என்றால் ஒன்றுதான், அது தொடங்கும், முடியும் என்று இருந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஒரு பொருள் கையில் கிடைத்தால் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு இந்த விஷயம் கண்ணிலேயே படவில்லை. அதைக் காட்டித் தந்தவை என் அண்ணையின் கால்கள்.

அண்ணைக்குப் பார்கின்சன் நோய் வந்து நாலு வருடமாகிறது. மனைவி இறந்த பிறகு அவரும் மகளும் பண்டத்தரிப்பில் எங்கள் தாய்வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் எப்போதும் அங்கேதான். கலியாணம் செய்யாதபடியால் மற்றவர்களுடைய கலியாணத்தையெல்லாம் முன்னுக்கு நின்று நடத்தும் பொறுப்பு என்னுடையது என்று சொந்தக்காரர் நினைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அண்ணையின் நோய் கையை அவ்வளவாகத் தொடவில்லை, காலைத்தான் பிடித்தது. நன்றாக நடந்து வருவார். கதவடிக்கு வந்ததும் இரண்டு காலும் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னுக்குச் சாயும், கால் வராது. குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். “நடவுங்கோ அண்ணை” என்றால், “நடக்கத்தான் பாக்கிறன், கால் கேக்குதில்லை” என்பார். ஆரம்பத்தில் அதை அடம் என்று நினைத்து அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் முற்றாகியது. எங்கள் கிறிஸ்தவ சபையில் மணப்பெண்ணைத் தகப்பன் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிவந்து பீடத்தடியில் ஒப்புக்கொடுப்பது வழக்கம். அது அந்தக் காலத்து மிசன்காரர் கொண்டுவந்து போட்டதாக இருக்கும். ஆனால் அதை விட்டுக் கலியாணம் செய்தால் எங்கள் ஆட்களுக்குத் தாலி கட்டாதது மாதிரி. அண்ணையால் அது ஏலாது என்று சொந்தக்காரர் தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். கனடாவிலிருந்து தாய்மாமன் வருகிறார்தானே, அவர் கூட்டிவரட்டும் என்றார்கள். சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு.

“அப்பா எப்பிடி வந்தாலும் எனக்குச் சரி,” என்றாள் மகள்.

எல்லாரும் போன பிறகு அண்ணை என்னைக் கூப்பிட்டார். “நான்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவன். என்ன செய்யவேணுமோ செய்,” என்றார். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நடைப்பயிற்சி கொடுக்கும் ஒரு பிள்ளையிடம் அவரைக் கூட்டிப்போனேன். மெலிந்த, கண்ணாடி போட்ட இளம் பெண்பிள்ளை. அவள் அண்ணைக்குப் பக்கத்தில் நின்று ஒரே சீராகக் கைதட்டினாள். கதவடியில் ஒட்டிக்கொண்டு நின்ற கால் கிளம்பிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“தாளம் நிக்காமல் ஒரே மாதிரி வரவேணும் ரீச்சர்,” என்றாள். “நடக்கேக்கை அவரோடை கதை குடுக்காதேங்கோ. அவருக்கு ஒரு நேரத்திலை ஒரு வேலைதான் செய்யலாம். கவனம் முழுக்கக் காலிலை இருக்கவேணும்.”

வீட்டுக்கு வந்து நான் கைதட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் தட்டும் வேகமும் கூடிவிடுகிறது, அது சரிவரவில்லை. கீர்த்தனை போட்டுப் பார்த்தோம். எங்கள் சபை ஒவ்வொரு அடியின் முடிவையும் இழுக்கிற இழுவையில் அண்ணை அடிக்கு அடி நின்றுவிட்டார். சினிமாப் பாட்டுகளில் நடுவில் வீணை வரும், குழல் வரும், தாளம் எங்கேயோ போய்விடும். மிருதங்கம் நன்றாகத்தான் தொடங்கியது. வாசிப்பவருக்கு உற்சாகம் வந்த இடத்தில் அண்ணை தடுமாறி மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் தன்னுடைய பழைய பாட்டுக் கசற் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எண்பதுகளில் அவர் மூன்று வருடம் குவைத்தில் வேலை செய்தவர். வரும்போது ஒரு ஆங்கிலேயக் குழுவின் பாட்டுகளைக் கொண்டுவந்தார். கிற்றார் இல்லை, மனிதர் அடிக்கும் மேளம் இல்லை, எல்லாம் சிந்தசைசரும் மெசின் தாளமும். “மில்லுக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்குது, நிப்பாட்டடா,” என்று அப்பா கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இடம்பெயர்ந்து ஓடியதில் கசற் எங்கே போனதோ தெரியாது. குழுவின் பெயர் மட்டும் அண்ணையின் நினைவில் இருந்தது. மகள் தன் போனில் தட்டினாள், அரை நிமிடத்தில் பாட்டு வந்துவிட்டது.

இரண்டு வந்தது. ஒன்று மூன்றே முக்கால் நிமிடம். மற்றது அதே பெயர், அதே குரல், ஆனால் ஏழு நிமிடத்துக்கு மேல். அண்ணையின் கசற்றில் இருந்தது நீளமானது என்று முதல் மேளத்திலேயே அவர் சொல்லிவிட்டார். அந்தக் குழு ஏற்கெனவே வெளியிட்ட பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நீட்டி, ஒரு தனி அல்பமாகவே போட்டிருக்கிறார்கள்.

“ஆடுற இடங்களுக்கெண்டு செய்தது மாமி. ரீமிக்ஸ்,” என்றாள் மகள்.

“மூண்டு நிமிசம் ஆடினால் காணாதோ?”

“உங்களுக்குக் காணும்.”

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அன்று பின்னேரம் பழைய கொப்பி ஒன்றின் மிச்சப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் பேனாவுமாக இருந்து இரண்டு பாட்டையும் கழற்றிப் பார்த்தேன். நீளப் பாட்டின் முதல் அரை நிமிடம் வெறும் மேளம். பிறகு அடியில் தடித்த சத்தம் ஒன்று சேருகிறது, அதற்குப் பிறகு மேலே மெல்லியதாக ஒன்று. பாடுகிறவர் வாய் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. எங்கள் சபையில் ஒரு பாடகர் இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் நின்றால் யாராவது சோடா உடைத்துக் கொடுத்திருப்பார்கள்.

எந்த மாற்றம் வந்தாலும் முப்பத்திரண்டு அடி முடிந்துதான் வந்தது. எண்ணினேன், நம்பாமல் திரும்பவும் எண்ணினேன், ஒருமுறைகூடப் பிசகவில்லை. சின்னப் பாட்டில் முழுசாகப் பாடிய வரியை இதில் துண்டாக்கி ஒரு சொல்லை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். தைத்த சட்டையைப் பிரித்துப் பெரிய ஆளுக்கு அளவெடுத்துத் திருப்பித் தைத்ததுபோல இருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மில்லுச் சத்தம் என்று அப்பா ஏசிய ஒன்றுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஒரே ஒரு இடம்தான் விளங்கவில்லை. நாலு நிமிடம் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. மேளம் இல்லை, அடிச்சத்தம் இல்லை. ஒரேயொரு நீண்ட நாதம் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போகிறது. முப்பத்தைந்து விநாடி. பிறகு மேளம் திடீரென்று வந்து விழுகிறது. ஆட வந்த சனத்தை நிறுத்தி வைக்க எதற்கு இவ்வளவு பாடு என்று அண்ணையிடம் கேட்டேன். “குவைத்திலை நீங்கள் உதுக்கு ஆடினனீங்களோ?”

அண்ணை சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. “எங்கை ஆடுறது? ஒரு அறையிலை எட்டுப் பேர். கட்டில்லை இருந்து கேட்டனாங்கள். அந்த இடம் வந்தால் எட்டுப் பேரும் கதைக்காமல் இருப்பம்.”

“ஏன்?”

“தெரியேல்லை. இருப்பம்.”

மறுநாள் காலையில் இரண்டு காதிலும் இயர்போனை வைத்து, போனில் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அவரை முற்றத்தில் விட்டோம். மேளம் தொடங்கியது எங்களுக்குக் கேட்கவில்லை, அவருடைய காலில் தெரிந்தது. வலது, இடது, வலது. முற்றத்தைத் தாண்டி, படியேறி, அந்தப் பாழாய்ப்போன கதவை நிற்காமல் கடந்து விறாந்தைக்குள் வந்துவிட்டார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு தினமும் ஒழுங்கையில் நடை. அதில் ஒரு வில்லங்கம் வந்தது. எங்கள் பக்கத்தில் காதில் இயர்போன் வைத்தவர் என்றால் கனடாவோடு கதைக்கிறார் என்றுதான் அர்த்தம். சைக்கிளில் போகிறவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். சிலர் அவருடைய போன் “கோல்” முடியும்வரை பார்த்து நின்று, பிறகு சுகம் விசாரிப்பார்கள். அண்ணையோ நேரே பார்த்தபடி, மறுமொழி சொல்லாமல் போய்விடுவார். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும், அவர் என்ன செய்வார்? மகளுக்கு வெளிநாட்டு இடம் சரிவந்ததும் ஆளுக்கு நடப்பும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று கதை கிளம்பியது. மாப்பிள்ளை பக்கத்துச் சண்டிலிப்பாயில் மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்று வீடு வீடாகப் போய் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு மாதம் போனதும் ஆலயத்தில் பழகிப் பார்க்கப் போனோம். முதலில் சின்னப் பாட்டைப் போட்டோம். கேற்றடியில் தொடங்கி மணல் பாதையால் வந்து, மூன்று படி ஏறி, வாசலுக்கு வரும்போதே பாட்டு முடிந்துவிட்டது. அண்ணை வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றார். நீளப் பாட்டைப் போட்டோம். வாசலைக் கடந்தார். உள்ளே இருக்கை வாங்குகளுக்கு நடுவால் வந்தார். ஒரே பாட்டை ஏன் நீளமாகவும் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சின்னது வாசல்வரைக்கும் வரும், நீளமானது பீடம்வரைக்கும் வரும்.

அப்படித்தான் நினைத்தேன். சரி நடுவில், முன்னிருந்து ஆறாவது வாங்கடியில், அந்த முப்பத்தைந்து விநாடி வந்தது. அண்ணை நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மேளம் திரும்ப வந்திருக்கும், ஆனால் கால் கிளம்பவில்லை. உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது. நானும் மகளும் பாய்ந்து பிடித்திராவிட்டால் முகம் வாங்கில் அடிபட்டிருக்கும். இரண்டாம் தரம் மேளத்தோடு கிளம்பினார், மூன்றாம் தரம் கிளம்பவில்லை. எதை நம்பி அவரைக் கலியாண நாளில் விடுவது?

நான் செய்ததைப் பெருமையாகவே சொல்கிறேன். மகளிடம் கேட்டுப் பழகி, போனிலேயே அந்த முப்பத்தைந்து விநாடியை வெட்டி எறிந்து, இரண்டு நுனியையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. அதைப் போட்டதும் அண்ணை கேற்றிலிருந்து பீடம்வரை ஒரே நடையில் வந்து சேர்ந்தார். ஆனால் முகம் சரியில்லை.

“உது வேறை பாட்டு,” என்றார்.

“அதே பாட்டுத்தான். நிக்கிற இடத்தை மட்டும் எடுத்திருக்கிறன்.”

“எனக்கு முழுப் பாட்டு வேணும்.”

“அண்ணை, ரசிக்கப் போறியளோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் போறியளோ? விழுந்தீங்கள் எண்டால் ஆர் பதில் சொல்லுறது?”

அவர் இயர்போனைக் கழற்றி என் கையில் தந்தார். நான் வென்றுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

போதகரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஆலயத்துக்குள் இயர்போனா என்று முதலில் முகத்தைச் சுளித்தார். என்ன பாட்டு என்று கேட்டார். பெரும்பாலும் மேளம்தான் ஐயா என்றேன். கொண்டாருங்கோ பாப்பம் என்று வாங்கித் தன் காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிக்குக் கீழே அவருடைய சப்பாத்துக் கால் ஆடத் தொடங்கியது. நான் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டு, “சரி, ஒருத்தருக்கும் கேக்காதுதானே,” என்றார்.

கலியாண நாளில் காலை பத்து மணிக்குக் கார் கேற்றடியில் வந்து நின்றது. மகள் வெள்ளைச் சேலையில் இறங்கினாள். அண்ணையின் கோட்டை இழுத்துச் சரிசெய்து, இரண்டு காதிலும் இயர்போனை வைத்து, வெட்டிய பாட்டைப் போனில் எடுத்து வைத்தேன். “கொண்டா, நான் அமத்துறன்,” என்று போனை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்து, விரலால் அமத்தி, உள் பொக்கற்றில் போட்டார். அவர்கள் கிளம்ப, நான் பக்கக் கதவால் ஓடிப்போய் முன் வாங்கில் இருந்தேன். ஆலயத்து ஓகன் வாத்தியம் தொடங்கியது. சபைக்கு ஒரு பாட்டு, அண்ணைக்கு வேறு பாட்டு.

வாசலைத் தாண்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தாய்மாமன் “பிழையில்லை” என்பதுபோலத் தலையாட்டினார். நான் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாவது வாங்கு, எட்டாவது, ஏழாவது. ஆறாவது வாங்கடியில் அண்ணை நின்றுவிட்டார்.

வெட்டிய பாட்டில் நிற்கிற இடமே கிடையாது. ஆகவே இது நோய்தான். ஓகன் வாசித்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பின் வாங்குகளில் குசுகுசுப்பு. தாய்மாமன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நானும் எழும்பிவிட்டேன். எழும்பிப் பார்த்தபோதுதான் ஒன்று வித்தியாசமாகப் பட்டது. கால் ஒட்டிக்கொண்டால் அண்ணை குனிந்து காலைத்தான் பார்ப்பார், அது ஒருநாளும் மாறியதில்லை. இப்போது அவர் குனியவில்லை. தலையை மெல்ல மெல்லத் திருப்பி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஏதோ கேட்டாள், காது இரண்டும் அடைத்திருந்ததால் அவருக்குக் கேட்டிராது. அவர் பார்த்தபடியே நின்றார். அவளும் பேச்சை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். நான் தாய்மாமனின் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன். ஏன் இழுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பிறகு அண்ணை முன்னுக்குத் திரும்பினார். வலது கால் கிளம்பியது. பீடத்தடிவரை நிற்கவில்லை.

இந்தப் பெண்ணை ஒப்புக்கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்டார். அண்ணைக்கு அது கேட்கவில்லை. மகள் அவருடைய ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட, போதகர் திரும்பக் கேட்டார். “நான்,” என்று அண்ணை சொன்னது கடைசி வாங்குக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சனம் கலைந்த பிறகு, மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவருடைய கோட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஓடியிருந்தது ஏழு நிமிடப் பாட்டு, முழுசாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“விழுந்திருந்தால் என்ன செய்திருப்பியள்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் விட்டிருப்பியோ?” என்றார். “நீ கடைக்குப் போற நேரத்திலை முற்றத்திலை பழகினனான். பத்துக்கு ஒன்பது தரம் கால் கிளம்பினது.”

“அந்தப் பத்தாவது வந்திருந்தால்? அப்பிடி என்ன இருக்குது அந்த முப்பத்தைஞ்சு செக்கனுக்குள்ளை?”

அண்ணை கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கவனமாக மேசையில் வைத்தார். “நடக்கேக்கை எனக்குக் கால் மட்டும்தான் தெரியும் பிள்ளை. பக்கத்திலை ஆர் வாறதெண்டும் பாக்கேலாது. நிண்டால்தான் பாக்கலாம். அவளின்ரை முகத்தை ஒருக்காக்கூடப் பாக்காமல் கொண்டுபோய்க் குடுத்திட்டு வரச் சொல்லுறியோ?”

மூன்று மாதமாக அவரை நிற்காமல் நடக்க வைப்பது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கொப்பியில் அந்த இடத்துக்கு நேரே ‘தேவையில்லை’ என்று சிவப்பு மையால் எழுதியவளும் நான்தான்.

“பாத்தீங்களோ அண்ணை?” என்று மட்டும் கேட்டேன்.

“ஓம்,” என்றார். “வடிவாய்ப் பாத்தன்.”